படகு வடக்கே திரும்பியபோது

எங்கள் ஊரில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "எந்தக் கப்பல்ல வேலை?" கப்பல் இல்லை, படகு என்று சொன்னால் முகத்தில் ஒரு இறக்கம் தெரியும். மீன் பிடிக்கிற படகா என்பார்கள். அதுவும் இல்லை, பாய் கட்டிய பந்தயப் படகு, காற்றை மட்டும் நம்பி ஓடுவது, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கட்டம் கட்டமாகப் போட்டி நடக்கும், அதில் சம்பளத்துக்குப் போட்டி போடும் ஒரு குழுவில் நான் இருக்கிறேன் என்று விளக்குவேன். கீழ்பென்னாத்தூரில் நிலம் வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்த, என்னைப் பெற்ற நைனாவுக்கே இது கடைசிவரை பிடிபடவில்லை.

"சரக்கும் ஏத்தல, ஆளும் ஏத்தல. அப்புறம் இன்னாத்துக்குடா அந்தப் படகு?" என்பார்.



நான் 1989இல் ராணுவத்தில் சேர்ந்தவன். வேலூரில் ஆள் எடுத்தார்கள்; பொறியாளர் படையில் போட்டார்கள். பயிற்சி முடிந்து புனே பக்கம் போனபோது, அங்கே ஏரியில் படகு ஓட்டும் பிரிவுக்கு நீச்சல் தெரிந்த, தோள்வலு உள்ள ஆட்களைத் தேடினார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரையும் போல நான் கிணற்றில் நீந்திப் பழகியவன். கையைத் தூக்கினேன். பாய், காற்று, கயிறு என்று என் வாழ்க்கை அப்படி மாறியது. கடலை நான் முதன்முதலில் பார்த்ததே அதன் பிறகுதான். பதினைந்து வருடம் ராணுவத்துக்காகப் போட்டி போட்டேன். வெளிநாடுகளுக்கும் போனேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு வெளியே வரும் சமயத்தில், அப்படி ஒரு போட்டியில் என்னைப் பார்த்திருந்த ஒரு வெளிநாட்டு ஸ்கிப்பர், அதாவது படகுத் தலைவர், தன் குழுவில் சேரச் சொன்னார். அதிகம் பேசாத, குள்ளமான மனிதர். சேர்ந்தேன்.

படகில் நாங்கள் பத்துப் பேர். என் வேலை விஞ்ச் சுற்றுவது. பாயை இழுக்கிற கயிறு ஒரு உருளையில் சுற்றியிருக்கும். அந்த உருளையை இரண்டு கைப்பிடிகளால் சைக்கிள் பெடல் மாதிரி கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மூளைக்கு வேலை இல்லை, தோளுக்குத்தான். கயிற்றை எவ்வளவு இழுக்க வேண்டும், எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று பாயைப் பார்த்துச் சொல்கிறவர் வேறொருவர். எங்களிடம் அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் நியூசிலாந்துக்காரர். நீண்ட கை, நீண்ட கால், பேசினால் நிறுத்த மாட்டார். எடை குறைக்க வேண்டும் என்பதற்காக இரண்டு பேருக்கு ஒரு படுக்கைதான் கொடுப்பார்கள். ஒருவன் நான்கு மணி நேரம் மேலே வேலை செய்யும்போது மற்றவன் உள்ளே தூங்குவான். என் படுக்கையின் மறுபாதி அவர். அவர் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் நான் படுப்பேன். அண்ணன் தம்பிகூட அப்படி இருந்திருக்க மாட்டார்கள்.

போட்டி தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு அவர் என்னோடு திருவண்ணாமலைக்கு வந்தார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "சார், ஆஸ்ரம்? ஆஸ்ரம்?" என்றார்கள். "இல்லை, ஃப்ரெண்ட் வீடு" என்று அவர் என்னைக் காட்டியதும் அவர்களுக்கு ஆச்சரியம். வேங்கிக்காலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், முன்னறையில் பாய் போட்டுப் படுத்தார். என் மனைவி ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆசிரியை. ஆங்கிலம் நன்றாகப் படிப்பாள், பேசக் கூச்சம். அவர் வந்த இரண்டாம் நாளே அந்தக் கூச்சம் போய்விட்டது. அவரை அண்ணன் என்றே கூப்பிட ஆரம்பித்தாள். கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப்போனோம். நைனாவோடு நிலத்தில் உட்கார்ந்து, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கினார். அவித்த மல்லாட்டையை அவர் தின்ற அளவைப் பார்த்து என் மனைவிக்கு பயம் வந்துவிட்டது.

"வவுத்த வலிக்கப் போவுதுன்னு சொல்லுங்க, என்னங்க" என்றாள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எங்கள் இருவரையும் செங்கம் ரோட்டுக்குக் கூட்டிப்போனார். ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்காக வேகமான இன்டர்நெட் வைத்த பிரவுசிங் சென்டர்கள் இருந்தன. ஒன்றில் உட்கார்ந்து, எங்கள் போட்டியின் வலைப்பக்கத்தை என் மனைவிக்குக் காட்டினார். உலக வரைபடத்தில் ஒவ்வொரு படகும் ஒரு புள்ளி. போட்டி ஆரம்பித்த பிறகு அந்தப் புள்ளிகள் நகரும். படகு எங்கே போகிறது, எத்தனாவது இடத்தில் இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்தே தெரிந்துகொள்ளலாம். "சிவப்பு எங்களுடையது. இதைப் பார்த்தால் எங்களைப் பார்த்த மாதிரி. பயப்படவே வேண்டாம்" என்றார். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண், "நான் எடுத்துக் குடுக்கறேங்க்கா, எப்ப வேணா வாங்க" என்றாள். அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்.

அவருக்கு அடி பட்டது இரண்டாவது கட்டத்தில். ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு, இந்தியப் பெருங்கடலின் அடிப்பகுதி வழியாக ஓடிக்கொண்டிருந்தோம். அங்கே காற்று நிற்பதே இல்லை. அலைகள் பின்னாலிருந்து வரும். அவற்றின்மேல் ஏறிச் சறுக்கிக்கொண்டு போவதுதான் வேகம். கையில் வெடிப்பு, உப்பு ஏறிய துணி, எப்போதும் ஈரம். விடிந்தும் விடியாத நேரம். வேலை மாற்றிக்கொள்ள நான் மேலே ஏறிவந்து என் இடுப்புக் கொக்கியைப் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டினேன். அவர் தன் கொக்கியைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கும் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஏதோ கிண்டலாகச் சொன்னார். காற்றில் காது கேட்கவில்லை. அந்த நேரத்தில் படகின் மூக்கு முன்னால் போன அலைக்குள் குத்தியது. ஓடிக்கொண்டிருந்த பஸ் சுவரில் மோதி நின்ற மாதிரி படகு நின்றது. இடுப்பளவு தண்ணீர் எங்கள் மேல் ஏறிப் போனது. தண்ணீர் வடிந்தபோது அவர் விஞ்ச் தூணின் அடியில் மடங்கிக் கிடந்தார். ரத்தம் அதிகம் இல்லை. காதிலிருந்து மட்டும் கொஞ்சம்.

உள்ளே கொண்டுபோய் எங்கள் படுக்கையில் கிடத்தினோம். குழுவில் ஒருவருக்கு முதலுதவிப் பயிற்சி உண்டு. அவர் கரையிலிருந்த டாக்டரோடு சாட்டிலைட் போனில் பேசினார். ஸ்கிப்பர் அதைக் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு மேலே ஏறிப்போய், சுக்கான் பிடித்திருந்தவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"வடக்கு."

வடக்கே, கரையை நோக்கிப் போனால் இந்தக் கட்டம் எங்களுக்கு முடிந்தது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. நாங்கள் அப்போது இரண்டாம் இடத்தில் இருந்தோம் என்பதே கரை சேர்ந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது.

கரை பக்கத்தில் இல்லை. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் அவர் தலை அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஞ்ச் சுற்றும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முதல் நாள் பேசினார். என் பெயரைச் சொன்னார். தண்ணீர் கேட்டார். மறுநாள் தண்ணீரைப் பார்த்து, "கயிறு" என்றார். கயிறு கொடு, கயிறு கொடு என்று கேட்டவருக்குத் தண்ணீரைக் கொடுத்தேன். குடித்தார். அதற்கடுத்த நாள் அந்த வார்த்தையும் இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. அது என்னைப் பார்க்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கரையை நெருங்கியபோது ஹெலிகாப்டர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் போன பிறகு அந்தப் படுக்கையில் படுக்கச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. ஈரமான பாய்மூட்டைகள் மேலே விழுந்து தூங்கினேன்.

கரையில் படகைப் பழுது பார்க்கவும் அடுத்த கட்டம் தொடங்கவும் சில வாரம் இருந்தது. ஊருக்குப் போய்விட்டு வா என்று ஸ்கிப்பர் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். வழியெல்லாம் என் மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னால் திரும்பிப் போகவிட மாட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும், "பாய்மரத்துல கோளாறு, அதான் பாதியில கரைக்கு வந்துட்டோம்" என்றேன்.

"அப்படியா" என்றாள். "அண்ணன் எப்படி இருக்காரு?"

"அவருக்கும் சின்ன அடி. சரியாயிடும்."

"சரி, குளிச்சிட்டு வாங்க. சாப்பிடலாம்."

அவ்வளவுதான். நான் தப்பித்துக்கொண்டதாக நினைத்தேன். அந்த ஒரு வாரமும் அவள் பள்ளிக்குப் போனாள், வந்தாள், பள்ளிக்கூடம் போகும் எங்கள் மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். என்னிடம் படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்பெல்லாம் அலை எவ்வளவு உயரம், அங்கே என்ன சாப்பாடு, எப்படிக் குளிப்பீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பவள். அதை நான் கவனித்திருக்க வேண்டும். எனக்கு என் கவலை. நிமிர்ந்து நிற்கும் எதையும் பார்த்தால், விஞ்ச் தூண் கண்ணுக்கு வந்தது. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை.

ஒரு மதியம், மருத்துவமனையிலிருந்து மெயில் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கச் செங்கம் ரோட்டுக்குப் போனேன். நண்பருடைய அக்கா எழுதியிருந்தாள். உயிருக்கு ஆபத்து இல்லை, வலது பக்கம் இன்னும் அசையவில்லை, பேச்சு வரவில்லை. படித்துவிட்டு எழுந்தபோது அந்தக் கடைப்பெண் மெதுவாகக் கேட்டாள்.

"சார், வீட்ல அக்கா இப்ப பரவால்லையா?"

"ஏம்மா? அவங்களுக்கு என்ன?"

அவள் தயங்கினாள். "உங்ககிட்ட சொல்லலையா? தீபத்துக்கு மறுநாள், இங்க உக்காந்து பாத்துட்டு, திடீர்னு சிரிச்சாங்க சார். சத்தமா. அப்புறம் அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. நான்தான் தண்ணி குடுத்து ஆட்டோ ஏத்திவிட்டேன். சார்கிட்ட சொல்லாதன்னாங்க. நான் பாட்டுக்குச் சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்தேன். அவள் பள்ளியிலிருந்து வந்து வாசலில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். மகள் பக்கத்து வீட்டில் விளையாடப் போயிருந்தாள். "பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன்" என்றேன். அவள் துணியை மடிப்பதை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணு சொல்லிட்டாளா?"

"நீ சொல்லு."

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்ல ஆரம்பித்தபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

கார்த்திகை தீபத்துக்காகப் பள்ளிக்கு விடுமுறை. மகள் கீழ்பென்னாத்தூரில் இருந்தாள். மழையில் கேபிள் போய் எங்கள் வீட்டு போன் நான்கைந்து நாளாகச் செத்துக் கிடந்தது. தீபத்தன்று காலையில், கூட்டம் நெரிப்பதற்கு முன்பு புள்ளியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறாள். பஸ், ஆட்டோ எதுவும் ஊருக்குள் விடவில்லை. வேங்கிக்காலிலிருந்து ஊரைத் தாண்டிச் செங்கம் ரோடு வரை நடந்தே போயிருக்கிறாள். அங்கே பார்த்தால் மற்றப் படகுகளெல்லாம் கிழக்கே வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. சிவப்புப் புள்ளி மட்டும் தனியாக வடக்கே வருகிறது.

"மொதல்ல எனக்கு சந்தோஷமா இருந்துச்சுங்க" என்றாள். "நம்ம ஊர் பக்கம் வர்றாங்கன்னு. அப்புறம்தான் கீழ எழுதியிருந்ததைப் படிச்சேன். படகுல ஒருத்தருக்கு பலத்த அடி. குடும்பத்துக்குத் தகவல் சொல்லிட்டிருக்கோம், பேரைப் பிறகு சொல்றோம்னு போட்டிருந்துச்சு."

"அங்கேர்ந்து போன் பண்ணிப் பாத்திருக்கலாமே?"

"பண்ணாமலா? பக்கத்து பூத்துல போய் உங்க டீம் நம்பருக்குப் போட்டேன். மிஷின்தான் பேசுச்சு. அப்புறம் நம்ம வீட்டு நம்பரையே போட்டுப் பாத்தேன். ரிங் போவுது. வீட்ல போன் செத்துக் கிடக்குது, ஆனா இங்க கேட்டா ரிங் போவுது. அப்ப அவங்களும் இப்படித்தான அடிச்சிட்டு இருப்பாங்க? வீட்ல யாரும் எடுக்கலன்னு நினைச்சுக்குவாங்க. உங்களுக்கா, வேற யாருக்காவதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்குத் திரும்பலாம், யாராவது நேரில் வந்து சொன்னாலும் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஆனால் அதற்குள் கிரிவலக் கூட்டம் ரோடு முழுக்க அடைத்துவிட்டது. எதிரில் நடக்கப் பார்த்தவளை போலீஸ்காரர் மறித்து, "ரிட்டர்ன் கெடையாதும்மா, சுத்திக்கினுதான் வரணும்" என்றிருக்கிறார். அழுது கேட்டும் விடவில்லை. அவரும்தான் என்ன செய்வார், பின்னால் கூட்டம் நெட்டுகிறது. அந்தக் கூட்டத்தோடு, வழிநெடுக லிங்கக் கோயில்கள் இருக்கும் பாதையில் மலையை முழுக்கச் சுற்றித்தான் அவள் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது.

"மொத மொத எமலிங்கம் வந்துச்சு. உள்ள போக முடியல. ரோட்லயே நின்னு கும்பிட்டேன். நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா?"

அவளே தொடர்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரரா இருக்கக் கூடாது. அந்தப் பத்துப் பேர்ல வேற யாரா இருந்தாலும் பரவால்ல. இதேதான். ஒவ்வொரு லிங்கத்துக்கிட்டயும் இதேதான் கேட்டேன். வேற யாரா இருந்தாலும் பரவால்ல, வேற யாரா இருந்தாலும் பரவால்ல. ஈசானிய லிங்கத்துக்கு வர்றப்ப மேல தீபம் ஏத்திட்டாங்க. எல்லாரும் அரோகரான்னு கத்துறாங்க. நான் மேல பாக்கவே இல்ல. இதையே சொல்லிட்டு வந்துட்டேன்."

மறுநாள் திரும்பவும் போயிருக்கிறாள். பெயரைப் போட்டிருந்தார்கள்.

"உங்க பேர் இல்லன்னு பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சுங்க. என்னால அடக்க முடியல. அப்புறம்தான் அது யாரு பேருன்னு மண்டையில ஏறுச்சு. நம்ம வீட்ல சாப்பிட்ட மனுஷன். அண்ணன், அண்ணன்னு கூப்பிட்டேன். அவரைத்தான் குடுத்துட்டேன்."

"நீ வேண்டிக்கிட்டதால ஒண்ணும் ஆகல. நீ பிரவுசிங் சென்டருக்குப் போறதுக்கு முந்தியே அவருக்கு அடி பட்டாச்சு. அதனாலதான படகு திரும்புச்சு?"

"அது எனக்கும் தெரியுது. நானும் புள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றவதான். ஆனா வேண்டிக்கிட்டது வேண்டிக்கிட்டதுதான?" என்றாள். பிறகு, முதல் தடவையாகக் கோபம் வந்தது. "நீங்க வந்து பாய்மரத்துல கோளாறுன்னீங்க. நானும் தலையாட்டினேன். ஒரு வாரமா எதிர் எதிர்ல உக்காந்து சோறு தின்னுட்டு இருக்கோம்."

அன்று நானும் எல்லாவற்றையும் சொன்னேன். விஞ்ச் தூண், காதில் வந்த ரத்தம், தண்ணீருக்குப் பதில் கயிறு கேட்டது எல்லாம். முடித்ததும், "நான் அவர்கிட்ட பேசணும்" என்றாள்.

"அவருக்குப் பேச்சு வரல."

"அவர் பேச வேணாம்."

இரண்டு நாள் கழித்து, அவருடைய அக்காவுக்கு மெயில் போட்டு நேரம் கேட்டு, வீட்டிலிருந்தே பேசினோம். போன் அதற்குள் சரியாகியிருந்தது. அக்கா எடுத்து, ரிசீவரை அவர் காதில் வைப்பதாகச் சொன்னாள். என் மனைவி வாங்கிக்கொண்டாள். ஆங்கிலத்தில் ஹலோ என்றாள், பிறகு ஒன்றும் வரவில்லை. பிறகு தமிழில் பேச ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டது, லிங்கத்துக்கு லிங்கம் என்ன கேட்டாள், கடையில் சிரித்தது, ஒன்றுவிடாமல். "அண்ணா, நான் வேணும்னு செய்யலண்ணா" என்று சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. அவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அந்த நாட்களில் அவர் அக்கா பேசிய ஆங்கிலமும் அவருக்குப் புரிந்ததா என்று யாருக்கும் தெரியாது. மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டதாக என் மனைவி பிறகு சொன்னாள். கடைசியில் அக்கா போனை வாங்கினாள். யார் பேசினாலும் ரிசீவரை இடது கையால் தள்ளிவிடுவாராம். இன்று தள்ளவில்லை, என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். என் மனைவியால் சொல்ல முடியவில்லை. என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பிப் போவதா வேண்டாமா என்பது அப்படியே நின்றது. ஸ்கிப்பர் ஒரு தடவை கூப்பிட்டு, வருகிறாயா என்று மட்டும் கேட்டார். இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். நைனா எங்களைப் பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"போவலயா?"

"யோசிக்கிறேன் நைனா."

"ஒத்துக்கினு வந்துட்டு பாதியில வுட்டா நல்லாவா கீது? மீதி ஒம்போது பேர் இன்னா பண்ணுவான்?"

நண்பருக்கு அடி பட்ட விஷயம் நைனாவுக்குத் தெரியும். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்காக அழுதும் இருக்கிறார். ஆனாலும் அப்படித்தான் சொன்னார். அவர் போன பிறகு என் மனைவி கேட்டாள்.

"உங்களுக்கு என்ன தோணுது?"

"போகணும்னு இருக்கு. பயமாவும் இருக்கு."

"பயமா இருக்குன்னு இப்பதான் மொத தடவையா என்கிட்ட சொல்றீங்க" என்றாள். அதில் கிண்டல் இல்லை. பிறகு, "போங்க" என்றாள். "ஆனா நான் இனிமே அந்தப் புள்ளியப் பாக்க மாட்டேன். போன் வந்தா எடுப்பேன். வரலன்னா ஸ்கூலுக்குப் போவேன், வருவேன். என்ன நடந்தாலும் நீங்க வந்து சொல்றப்ப தெரிஞ்சுக்கறேன்."

நான் போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. பிடித்த வேலை என்பதாலா, பயந்துவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதாலா, நைனா சொன்னதாலா? மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

நண்பர் இடத்தில் ஸ்பெயின்காரர் ஒருவர் வந்திருந்தார். திறமைசாலி. படுக்கையின் மறுபாதியை அவருக்கே விட்டுவிட்டு, மீதிப் போட்டி முழுக்க நான் பாய்மூட்டை மேல்தான் படுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நண்பர் பெயரையும் யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் முன்னைவிட வேகமாக வேலை செய்தோம், முன்னைவிடக் குறைவாகப் பேசினோம். எனக்குப் பின்னாலிருந்து அலை எழும் சத்தம் கேட்டால் கை தானாக இடுப்புக் கொக்கிக்குப் போகும். மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் விஞ்ச்சைத் தொடுவேன். அந்த ஒரு நொடித் தாமதத்தை ஸ்கிப்பர் கவனித்திருக்கிறார். ஒருநாளும் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

வீட்டில் யாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்ற நினைப்பு முதலில் நிம்மதியாக இருந்தது. ஒரு கட்டத்தில் நாங்கள் மூன்றாவதாக வந்தோம். கரையில் பட்டாசு, பாண்டு வாத்தியம், கூட்டம். என் மனைவிக்கு இது தெரியாது என்று அப்போது உறைத்தது. துறைமுகத்திலிருந்து கூப்பிட்டு, "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். "சரி, உடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள். மூன்றாவது இடத்தைப் பற்றி நான் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து நான் ஊருக்கு வந்த அன்று அவள் பள்ளியில் இருந்தாள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாலையில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள், வாசலில் என் செருப்பைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எத்தனாவது?"

"ஆறாவது."

"மொத்தம் எத்தனை?"

"ஏழு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இதற்காகவா இத்தனையும் என்று இரண்டு பேருக்குமே தோன்றியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ஏன் அழுவுது?" என்றாள்.

நண்பர் பிழைத்துக்கொண்டார். கோலை ஊன்றி நடக்கிறார். வார்த்தைகளில் பாதி திரும்பி வந்திருக்கிறது. பாதி இடம் மாறி வருகிறது. பாய் தைக்கும் ஒரு பட்டறையில் இடது கையால் செய்யக்கூடிய வேலை கொடுத்திருக்கிறார்கள். அவர் அக்கா எழுதும் மெயில்களுக்கு என் மனைவிதான் பதில் எழுதுகிறாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்குக் காட்டுவதில்லை. நானும் கேட்பதில்லை.

நான் முன்னாள் ராணுவத்தினருக்கான ஒதுக்கீட்டில் ஒரு வங்கியில் காவலாளி வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கிப்பர் கூப்பிட்டார். புதிய படகு, புதிய போட்டி, வருகிறாயா என்றார். அவர் முடிப்பதற்குள் இல்லை என்றேன். புரிகிறது என்றார். நலம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருங்க?" என்றாள்.

"ஸ்கிப்பர். திரும்பக் கூப்பிடுறாரு. வரலன்னுட்டேன்."

"என்னைக் கேக்காமயேவா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

"தெரியலங்க" என்றாள்.